அன்று என் நண்பன் பேசாமல் விட்ட பேச்சு

(இயற்பியல் துறை, 1974–77)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் சார், ஆனால் தயவுசெய்து ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி வேண்டாம், அதைப் பற்றி ஏற்கனவே ஏழு கட்டுரை வந்துவிட்டது என்று நமது சங்கச் செயலாளர் போனில் சொல்லிவிட்டார். சாம்பாரை விட்டால் எனக்கு எழுத என்ன இருக்கிறது என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் புத்தக அலமாரியைத் துடைக்கும்போது அட்டை பிய்ந்து போன ஒரு லிப்கோ அகராதி கையில் தட்டுப்பட்டது. முதல் பக்கத்தில் கல்லூரி முத்திரை. அதன் கீழே ஊதா மையில், சொற்போர் முதல் பரிசு, 1976 என்று எழுதியிருந்தது. பார்த்ததும் ஒரு பழைய கடன் நினைவுக்கு வந்தது. அந்தக் கடனைத்தான் இந்தப் பக்கங்களில் தீர்க்கப் பார்க்கிறேன்.

எங்கள் செட் ஆட்களுக்கு அந்தச் சொற்போர் ஞாபகம் இருக்கும். பிரிட்டிஷ் வரலாற்றில் மாபெரும் மனிதர் யார் என்பது தலைப்பு. சுதந்திரம் வந்து முப்பது வருஷம் ஆகப் போகிறது, இன்னும் வெள்ளைக்காரன் புராணமா என்று தமிழ்த் துறையில் சிலர் முணுமுணுத்தார்கள். ஆங்கிலத் துறையும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் தலைப்பு அவர்களுடையது, மொழி நம்முடையது என்று சமாதானம் ஆனது. சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார்கள். ஷேக்ஸ்பியர், நியூட்டன், டார்வின், நெல்சன், முதலாம் எலிசபெத் ராணி, சர்ச்சில் என்று ஆறு பெயர். எனக்கு வந்தது சர்ச்சில்.

என் அறைத் தோழனுக்குச் சீட்டு எதுவும் வரவில்லை. அவனாகவே போய் நின்று, ஏழாவதாக மைக்கேல் பாரடேயைச் சேருங்கள் சார், நான் பேசுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்து வந்தவன். அதற்கு முன் மேடை ஏறியதே கிடையாது. இரண்டு வாரம் நூலகத்தில் உட்கார்ந்து இருபது பக்கம் குறிப்பு எடுத்தான்.

ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்குக் கேள்வி கேட்கலாம் என்பது விதி. அவன் எழுந்து, பாரடே ஒரு கொல்லரின் மகன், புத்தகம் பைண்டு செய்து பிழைத்தவர் என்று ஆரம்பித்தான். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் எழுந்தேன். என்ன மாப்ளே, கணக்கே தெரியாத ஒரு எலக்ட்ரீஷியனுக்கா ஓட்டுக் கேட்கிறே, அப்படியே நம்ம ஹாஸ்டலில் ஃப்யூஸ் போடுகிறவரையும் எட்டாவதாகச் சேர்த்துக்கலாமா என்று கேட்டேன். அரங்கமே சிரித்தது. அவன் குறிப்பைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், பத்து நிமிஷப் பேச்சை மூன்றாம் நிமிஷத்தில் முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அகராதி எனக்கு வந்தது. அதற்குப் பிறகு அவன் நம் கல்லூரியில் எந்த மேடையிலும் ஏறவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் அவன் ஊருக்குப் போனேன். வீட்டு வாசலிலேயே பட்டறை. அவன் அப்பா உலையில் கொழுவைக் காய்ச்சி அடித்துக்கொண்டிருந்தார். வாங்க தம்பி, உக்காருங்க என்று துண்டால் பலகையைத் தட்டிக் கொடுத்தார். துருத்திக் கயிறு என் நண்பன் கையில் இருந்தது. அவன் எதற்காக ஏழாவது பெயரைக் கேட்டு வாங்கினான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கேயே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை சந்தித்தும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஆனால் பாரடேயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வந்தேன். அவன் அன்று சொல்ல நினைத்ததை இன்று நான் சொல்கிறேன்.

கொல்லர் வீட்டுப் பிள்ளை

பாரடே பிறந்தது 1791 செப்டம்பர் 22. லண்டனை ஒட்டி, தேம்ஸ் நதிக்குத் தென்புறம் இருந்த நியூயிங்டன் என்ற ஊர். அப்பா ஜேம்ஸ், இங்கிலாந்தின் வடக்கேயிருந்து பிழைப்புத் தேடி வந்த கொல்லர். உடம்பு முடியாதவர், தொடர்ந்து ஒரு வாரம் வேலை பார்க்க இயலாது. 1801-ல் விலைவாசி எகிறியபோது, ஒன்பது வயதுப் பையனுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டி என்று அம்மா அளந்து கொடுத்தாராம். எழுதப் படிக்க, கொஞ்சம் கூட்டல் கழித்தல், அவ்வளவுதான் பள்ளிப் படிப்பு.

பதின்மூன்றாம் வயதில், 1804-ல், ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் செய்தித்தாள் விலை அதிகம் என்பதால் கடையிலிருந்து வாடகைக்குக் கொடுப்பார்கள். காலையில் ஒரு வீட்டில் கொடுத்து, படித்து முடித்ததும் வாங்கி, அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். ஒரு வருஷம் பையனின் நடத்தையைப் பார்த்த ரீபோ, 1805-ல் ஏழாண்டு ஒப்பந்தத்தில் பைண்டிங் தொழிலுக்குச் சேர்த்துக்கொண்டார். தொழில் பழக வருகிறவர்கள் முதலாளிக்குப் பணம் கட்ட வேண்டும் என்பது வழக்கம். இவரிடம் அதை வாங்கவில்லை.

பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களை எல்லாப் பையன்களும் தைத்தார்கள், பசை தடவினார்கள். இவர் உள்ளே பிரித்துப் படித்தார். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதி வந்தது. அதில் மின்சாரம் பற்றிய கட்டுரை. ஜேன் மார்செட் என்ற பெண்மணி, வேதியியலை உரையாடல் நடையில் எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதிய புத்தகம் வந்தது. படித்ததைக் கையில் கிடைத்த பாட்டிலையும் கம்பியையும் வைத்துச் செய்து பார்த்தார். வேலை நேரத்தில் என்னடா படிப்பு என்று ரீபோ கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை, ஊக்கமும் கொடுத்தார்.

லண்டனில் டேட்டம் என்பவர் வீட்டில் மாலை நேர அறிவியல் சொற்பொழிவுகள் நடந்தன. ஒரு சொற்பொழிவுக்கு ஒரு ஷில்லிங். தொழில் பழகும் பையனிடம் ஷில்லிங் ஏது? அண்ணன் ராபர்ட், அவரும் கொல்லர்தான், தன் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்தச் சொற்பொழிவுகளைக் கேட்டுப் பாரடே குறிப்பெடுத்து, படம் வரைந்து, தானே பைண்டு செய்து வைத்தார். கடைக்கு வந்த டான்ஸ் என்ற வாடிக்கையாளர் அந்தக் குறிப்புகளைப் பார்த்தார். ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்தும் சொற்பொழிவுகளுக்கு நாலு டிக்கெட் வாங்கிக் கொடுத்தார். 1812 அது. டேவி அப்போது ஐரோப்பா முழுக்கப் பேர்போன வேதியியல் அறிஞர்.

நாலு சொற்பொழிவையும் பாரடே மேலே கேலரியில் உட்கார்ந்து கேட்டார். சுமார் 300 பக்கத்துக்குத் திருத்தமாக எழுதி, அழகாக பைண்டு செய்து, அந்த வருஷக் கடைசியில் டேவிக்கே அனுப்பினார், ஒரு வேலை கேட்டு. அதற்கு முன் ராயல் சொசைட்டித் தலைவருக்கும் இப்படி ஒரு விண்ணப்பம் எழுதிப் போட்டுப் பதிலே வராமல் காத்துக் கிடந்தவர்தான். டேவி பதில் எழுதினார், கூப்பிட்டுப் பேசினார், ஆனால் இடம் காலியில்லை என்றார். சில வாரம் கழித்து ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் அடிதடி செய்து வேலையை இழந்தார். 1813 மார்ச் 1-ஆம் தேதி பாரடே அந்த இடத்தில் சேர்ந்தார். வாரம் 25 ஷில்லிங், மாடியில் தங்க இரண்டு அறை, விறகும் மெழுகுவர்த்தியும் இலவசம்.

இதுவரை வந்த நாலு பேரைப் பாருங்கள். படிக்க விட்ட முதலாளி, ஷில்லிங் கொடுத்த அண்ணன், டிக்கெட் கொடுத்த வாடிக்கையாளர், வேலை கொடுத்த பெரிய மனிதர். ஒருவர் கதவைச் சாத்தியிருந்தாலும் அந்தப் பையன் கடைசிவரை பைண்டராகவே இருந்திருப்பான்.

திறந்த கையே சாத்தியது

அதே வருஷம் அக்டோபரில் டேவி தம்பதியுடன் ஐரோப்பியப் பயணம். பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம், நெப்போலியனின் சிறப்பு அனுமதியோடு போனார்கள். ஆம்பியரையும் வோல்ட்டாவையும் பாரடே நேரில் பார்த்தது அப்போதுதான். இன்னொரு பக்கம், டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். திரும்பிப் போய்விடலாமா என்று நினைக்கும் அளவுக்கு மனம் நொந்துபோனார். பொறுத்துக்கொண்டு 1815-ல் ஊர் திரும்பினார்.

1820-ல் டென்மார்க்கின் எர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பி அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டு சொன்னார். அடுத்த வருஷம் செப்டம்பரில் பாரடே ஒரு கிண்ணத்தில் பாதரசம் ஊற்றி, நடுவே காந்தத்தை நிறுத்தி, மேலிருந்து கம்பியைத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினார். கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. இன்று நம் வீட்டு மின்விசிறியும் மிக்சியும் கிரைண்டரும் ஓடுவதற்கு மூலம் அதுதான். அதே ஆண்டு ஜூனில்தான் அவருக்குத் திருமணம். மனைவி சாரா. குழந்தைகள் இல்லை, ஆனால் 46 வருஷ இல்லறம்.

கம்பி சுற்றிய சந்தோஷம் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. வுல்லஸ்டன் என்ற மூத்த அறிஞர் அதே துறையில் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் பெயரைக் குறிப்பிடாமல் பாரடே அவசரமாக வெளியிட்டுவிட்டார் என்று பழி வந்தது. கருத்துத் திருட்டு என்று காதோடு காதாகப் பேசினார்கள். இரண்டு வருஷம் கழித்து, ராயல் சொசைட்டி உறுப்பினராக அவர் பெயரை நண்பர்கள் முன்மொழிந்தபோது, பகிரங்கமாக எதிர்த்தவர் யார் தெரியுமா? சொசைட்டித் தலைவராக இருந்த டேவியேதான். பெயரைத் திரும்பப் பெறச் சொன்னார். பாரடே அசையவில்லை. 1824 ஜனவரியில் தேர்வானார், எதிராக விழுந்தது ஒரே ஒரு ஓட்டு.

படித்துக்கொண்டு வந்த நான் இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஆளாக்கியவரே ஆளைத் தடுக்கப் பார்த்தார் என்பது எனக்கு வேறு யாரையோ ஞாபகப்படுத்தியது. அந்த இருபது பக்கக் குறிப்புக்கு வெள்ளைத்தாள் வாங்கிக் கொடுத்தவன் நான்தானே!

ஆனால் டேவி கதை அதோடு முடியவில்லை. அடுத்த ஆண்டே, 1825-ல், ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகப் பாரடேயை நியமிக்கச் சிபாரிசு செய்தவரும் அதே டேவிதான். பாரடேயும் பழசை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. 1829-ல் இறந்த டேவியைக் கடைசிவரை ஆசான் ஸ்தானத்திலேயே வைத்திருந்தார்.

முள் ஆடிய நாள்

நாம் எல்லோரும் பிராக்டிகலில் செய்த சோதனைதான் அடுத்தது. மின்சாரத்தால் காந்தம் உண்டாகிறது என்றால், காந்தத்தால் மின்சாரம் உண்டாக வேண்டாமா? இந்தக் கேள்வி பாரடேயைப் பத்து வருஷம் விடவில்லை. 1831 ஆகஸ்ட் 29-ஆம் தேதி, ஆறு அங்குல விட்டமுள்ள ஓர் இரும்பு வளையம் எடுத்தார். ஒரு பாதியில் ஒரு கம்பிச்சுருள், மறுபாதியில் இன்னொன்று. உறை போட்ட கம்பி அன்று கடையில் கிடைக்காது. நூலும் காடாத் துணியும் வைத்துச் சுற்றுச் சுற்றாகச் சுற்றினார். பைண்டிங் பழகிய விரல்கள் அங்கே கைகொடுத்தன என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஒரு சுருளை மின்கலத்தோடு இணைத்தார். மறுசுருள் பக்கம் இருந்த முள் சட்டென்று ஆடி நின்றது. மின்சாரம் சீராக ஓடும்போது முள் அசையவில்லை. இணைப்பைத் துண்டித்ததும் மறுபடி ஆடியது. மாற்றம் நிகழும்போது மட்டுமே விளைவு வருகிறது என்பதுதான் சூட்சுமம். அக்டோபர் 17-ஆம் தேதி சுருளுக்குள் வெறும் காந்தத்தை நுழைத்து, இழுத்து, அதிலேயே மின்சாரம் எடுத்தார். அக்டோபர் 28-ல் பெரிய காந்தத்தின் முனைகளுக்கிடையே ஒரு செப்புத் தகட்டைச் சுழற்றித் தொடர்ந்து ஓடும் மின்சாரம் கண்டார். முதலாவது இன்றைய டிரான்ஸ்பார்மர், மூன்றாவது இன்றைய டைனமோ. தெரு முனையில் உறுமிக்கொண்டு நிற்கும் டிரான்ஸ்பார்மருக்குள் இருப்பது அந்த ஆறு அங்குல வளையத்தின் பேரப்பிள்ளைதான்.

அடுத்த சில ஆண்டுகளில் மின்பகுப்பு விதிகள். ஆனோடு, கேத்தோடு, அயனி என்று நாம் மனப்பாடம் செய்த பெயர்களெல்லாம், கிரேக்கம் தெரிந்த அறிஞர்களிடம் பாரடே கேட்டு வாங்கி நடைமுறைக்குக் கொண்டுவந்தவை. 1836-ல் பன்னிரண்டடிக் கூண்டு ஒன்றைக் கட்டி, வெளியே மின்பொறி பறக்க, உள்ளே போய் உட்கார்ந்து சோதித்தார். உள்ளே ஒன்றும் ஆகவில்லை.

இப்படி உழைத்த உடம்பு ஒரு கட்டத்தில் தாங்கவில்லை. 1840-ஐ ஒட்டிய சில வருஷங்கள் தலைசுற்றல், ஞாபக மறதி. ஆராய்ச்சியையே நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. பலர் அத்தோடு ஓய்ந்திருப்பார்கள். இவர் 1845-ல் திரும்ப வந்து, காந்தம் ஒளியின் மீதும் வேலை செய்கிறது என்று காட்டினார். அதற்குப் பயன்பட்டது, பதினைந்து வருஷத்துக்கு முன் லென்சுக்காகச் செய்து ஒதுக்கி வைத்த ஒரு கனமான கண்ணாடித் துண்டு.

கணக்குத் தெரியாதவர்

என் குறுக்குக் கேள்விக்கு வருகிறேன். பாரடேக்கு உயர் கணிதம் தெரியாது என்பது உண்மை. அவருடைய ஆய்வேடுகளில் சமன்பாடுகளைத் தேடினால் கிடைக்காது. ஆனால் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிட்ட குறிப்புகளாகத் தன் சோதனைகளை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பலிக்காத சோதனைகளையும் விடாமல் எழுதினார். காகிதத்தின் மேல் இரும்புத் தூளைத் தூவி, காந்தத்தைச் சுற்றி அது வளைந்து வளைந்து நிற்பதைப் பார்த்தார். வெற்று வெளி என்று எல்லோரும் நினைத்த இடத்தில் விசைக்கோடுகள் நிரம்பியிருக்கின்றன என்றார். கணிதம் கற்றவர்கள் பலர் இதைப் பொருட்படுத்தவில்லை.

பொருட்படுத்தியவர் ஒரு இளைஞர். பாரடே தூண்டலைக் கண்ட அதே 1831-ல் பிறந்த ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். பாரடேயின் விசைக்கோடுகளைக் கணிதத்தில் எழுதிக் காட்டினார். அந்தப் பாதை, ஒளியே ஒரு மின்காந்த அலை என்ற முடிவுக்குக் கொண்டுபோய்விட்டது. ரேடியோ, டி.வி., இன்று பேரப்பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் செல்போன் எல்லாம் அதன் வழி வந்தவை. கணக்குத் தெரியாத மனிதர் கண்ணால் கண்டதை, கணக்கரசர் ஒருவர் வந்து கணக்காக்க வேண்டியிருந்தது. என் கேள்விக்கு என் நண்பன் இந்தப் பதிலைத்தான் வைத்திருந்திருப்பான். சொல்ல நான் விடவில்லை.

கதவைத் திறந்து வைத்தவர்

பாரடேயிடம் எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல் வருவதுதான். தான் நுழைந்த கதவை அவர் பின்னாலே வருகிறவர்களுக்காகத் திறந்தே வைத்தார். ராயல் இன்ஸ்டிடியூஷனில் பொதுமக்களுக்கான வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளும் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளும் 1820-களின் நடுவில் தொடங்கின. 1827-லிருந்து 1860 வரை பத்தொன்பது வருஷம் சிறுவர் சொற்பொழிவை அவரே நடத்தினார். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, அது எரிவதிலிருந்தே வேதியியல் முழுவதையும் சொல்லிக் கொடுத்தது அவருடைய கடைசித் தொடர். புத்தகமாகவும் வந்தது. டிக்கெட் கிடைத்து உள்ளே போன பையன், மற்றப் பிள்ளைகளுக்கு டிக்கெட் கொடுக்கிற ஆள் ஆகிவிட்டான் பாருங்கள்.

பொது வேலை என்றால் தட்டமாட்டார். 1844-ல் ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 95 பேர் இறந்தார்கள். அரசு சார்பில் விசாரிக்கப் போன இருவரில் இவர் ஒருவர். பூமிக்கடியில் இறங்கிக் காற்றோட்டம் எப்படி என்று பார்த்தார். உள்ளே உட்கார ஒரு மூட்டையைப் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, இங்கே வெடிமருந்தை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். நீங்கள் உட்கார்ந்திருப்பதே அதுதான் என்று பதில் வந்ததாம். பக்கத்தில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது!

1855-ல் தேம்ஸ் நதி சாக்கடையாகிக் கிடந்தது. படகில் போனவர், வெள்ளை அட்டையைத் துண்டு துண்டாகக் கிழித்துத் தண்ணீரில் போட்டு, ஓர் அங்குலம் அமிழ்வதற்குள் மறைகிறதே என்று பத்திரிகைக்கு எழுதினார். மூன்று வருஷம் கழித்து, 1858 கோடையில், நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே விழித்துக்கொண்டு பாதாளச் சாக்கடைக்கு வழி செய்தது. கலங்கரை விளக்கங்களைப் பராமரிக்கும் அமைப்புக்கு 1836-லிருந்து சுமார் முப்பது வருஷம் ஆலோசகராக இருந்தார். அவர் கண்டுபிடித்த தத்துவத்தில் ஓடிய ஜெனரேட்டரைக் கொண்டு, 1858-ல் ஒரு கலங்கரை விளக்கத்தில் மின்விளக்கு எரிந்ததை அவரே பார்த்தார். அந்தக் கொடுப்பினை எத்தனை விஞ்ஞானிகளுக்குக் கிடைக்கும்?

1830 வாக்கில் கம்பெனிகளுக்குச் செய்து கொடுத்த வேலைகளிலேயே ஆண்டுக்கு ஆயிரம் பவுனுக்கு மேல் சம்பாதித்தார். ஆராய்ச்சிக்கு நேரம் போதவில்லை என்று அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். சர் பட்டம் வேண்டாம் என்றார். ஒரு காலத்தில் உள்ளே விட மறுத்த ராயல் சொசைட்டி, தலைவர் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டது. அதையும் வேண்டாம் என்றார். கடைசிக் காலத்தில் ஞாபகம் மங்கியது. விக்டோரியா ராணி கொடுத்த ஹாம்ப்டன் கோர்ட் வீட்டில், 1867 ஆகஸ்ட் 25-ஆம் தேதி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் பிரிந்தது. ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் ஆடம்பரமில்லாத ஒரு கல். அவ்வளவுதான்.

தீர்ப்பு

2002-ல் பி.பி.சி. எங்கள் சொற்போரையே நாடு முழுக்க நடத்தியது என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிரிட்டனின் மாபெரும் மனிதர் யார் என்று மக்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். என் கட்சிக்காரர் சர்ச்சில் முதலிடம், நான்கரை லட்சத்துக்கும் மேல் ஓட்டு. பொறியாளர் புரூனெல் இரண்டு, இளவரசி டயானா மூன்று, டார்வின் நான்கு. பாரடேக்கு 22-ஆவது இடம். அங்கேயும் அவர் தோற்றார்.

1976-ல் நான் சர்ச்சிலுக்காகத் தொண்டை கிழியப் பேசியது 1940-ஐப் பற்றி மட்டும். ஹிட்லருக்கு எதிராக அவர் நின்றதை இன்றும் மறுக்கமாட்டேன். ஆனால் 1943 வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான நம் மக்கள் மடிந்தபோது பிரதமர் நாற்காலியில் இருந்தவரும் அவர்தான். அந்தப் பக்கத்தை நான் அன்று புரட்டவில்லை, யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. நியூட்டன் பெரியவரா, டார்வின் பெரியவரா என்று விடிய விடியப் பேசலாம், பேசுங்கள். மலர் வெளியீட்டு நாளன்று சாப்பாட்டுப் பந்தியிலேயே வைத்துக்கொள்வோம். என் ஓட்டு பாரடேக்கு. அவருடைய உயர்வால் தாழ்ந்தவர் யாரும் இல்லை. அவர் பெயரே தெரியாதவர் வீட்டிலும் விளக்கு எரிகிறது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கணக்கு வரவில்லை, இங்கிலீஷ் வரவில்லை, அப்பா இன்ன வேலை பார்க்கிறார் என்று மேடையைப் பார்த்து ஒதுங்காதீர்கள். எவனாவது என்னை மாதிரி எழுந்து கேலி செய்தால், அவன் பரிசு வாங்கிக்கொண்டு போகட்டும், நீங்கள் பத்து நிமிஷத்தையும் முழுசாகப் பேசிவிட்டு உட்காருங்கள். என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று. நம்மில் யாரும் பாரடே ஆகவில்லை. பரவாயில்லை. ஒரு டான்ஸ் ஆகலாம், ஒரு ரீபோ ஆகலாம். நாலு டிக்கெட்தானே?

என் நண்பன் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டான். வகுப்பில் அருமையாகப் பேசுவான் என்று அவனிடம் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தச் சந்திப்புக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அட்டை பிய்ந்த அகராதியை பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறேன். கேலிகோ துணி போட்டு, முதுகில் தங்க எழுத்து வைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். முதல் பக்கத்தில் கல்லூரி முத்திரைக்குக் கீழே என் பெயரை அடித்துவிட்டு அவன் பெயரை எழுதியிருக்கிறேன். மேடையில் கொடுக்க மாட்டேன், அவனுக்குப் பிடிக்காது. ஹாஸ்டல் வாசலில், வேப்பமரத்தடியில் கொடுத்து, வாய்விட்டு மன்னிப்பும் கேட்டுவிட வேண்டும்.

மாப்ளே, இதைப் படித்துவிட்டு வராமல் இருந்துவிடாதேடா.